பக்தாதிலிருந்து கஸ்னாவுக்கு எவ்வளவு தூரம்?

பக்தாத் நகருக்கும் ஆப்கானிஸ்தானத்துக் கஸ்னாவுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,220 கிலோமீட்டர். நம் பாடநூல்கள் கஜினி என்று எழுதும் ஊரே இந்தக் கஸ்னா. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு பயணிகள் விமானம் இரண்டையும் இணைத்து நேர்கோடாகப் பறக்குமானால், இரண்டரை மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். இரு நகரங்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் அமைந்தவை. கிழக்கு மேற்காக அவற்றைப் பிரிக்கும் தீர்க்கரேகை வேறுபாடு 24 பாகை 2 கலை. கஸ்னாவில் சூரியன் உச்சிக்கு வந்து 96 நிமிடங்கள் கழிந்த பின்னரே பக்தாதில் உச்சிப்பொழுது.

இந்த எண்களை இன்று எவரும் நொடிப்பொழுதில் பெறலாம். ஆனால் ஹிஜ்ரி 416ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1025இல், கஸ்னாவில் அமர்ந்திருந்த ஓர் அறிஞர் அதே வேறுபாட்டை 24 பாகை 20 கலை எனக் கணித்து எழுதி வைத்தார். பிழை 18 கலை மட்டுமே. அந்த அட்சரேகையில் அது முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டரில் முப்பது கிலோமீட்டர்! அவர் அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மத் அல்பிரூனி. அந்நூல் ‘தஹ்தீது நிஹாயாதில் அமாகின்’. இடங்களின் எல்லைகளை நிர்ணயித்தல் என்று அதன் பொருளைச் சொல்லலாம்.

அல்பிரூனியின் பெயரை நம் மேடைகளில் கேட்காதவர் இலர். ‘பூமியின் சுற்றளவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அளந்தவர்’ என்ற ஒற்றை வரியோடு அவரை அறிமுகம் செய்து, கைதட்டல் பெற்று, அடுத்த பெயருக்குச் சென்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வரியில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அவருடைய உழைப்பின் மெய்யான பெருமை அதில் அடங்கவில்லை என்பதே நம் கருத்து. பக்தாத்-கஸ்னா தொலைவை அவர் எப்படிக் கண்டார் என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் அது விளங்கும்.

அக்காலத்தில் தொலைவு என்பது முதலில் நாள்கணக்கு. ஒரு வணிகக் கூட்டம் ஒரு நாளில் கடக்கும் வழி ஒரு மர்ஹலா. நிலத்தின் தன்மையையும் நீர்நிலைகளின் இருப்பையும் பொறுத்து அது ஆறு, ஏழு ஃபர்ஸக் அளவில் இருக்கும். ஒரு ஃபர்ஸக் மூன்று மைல். ஒரு மைல் நாலாயிரம் முழம். இங்கே மைல் என்பது அரபு மைல். ஆங்கிலேயர் நமக்குக் கொடுத்துச் சென்ற மைலைவிடச் சற்றே நீண்டது. ஒரு ஃபர்ஸக்கை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் எனக் கொள்வதில் பெரும் பிழை வராது.

அப்பாஸியர் ஆட்சிக்கு இந்தக் கணக்கு உயிர்நாடியாக இருந்தது. வரி வந்து சேரவும், ஆளுநர்களைப் பற்றிய இரகசியச் செய்தி கலீஃபாவின் செவிக்கு எட்டவும், ‘பரீத்’ என்னும் அஞ்சல் துறை வழிகள்தோறும் நிலையங்களை வைத்திருந்தது. அத்துறையின் அதிகாரியாகப் பணியாற்றிய இப்னு குர்தாத்பிஹ் 9ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘கிதாபுல் மஸாலிக் வல் மமாலிக்’ இவ்வகை நூல்களுள் நமக்குக் கிடைக்கும் பழையவற்றுள் ஒன்று. இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு இத்தனை ஃபர்ஸக் என்று பக்கம் பக்கமாகச் செல்லும் அது. இலக்கியச் சுவை தேடுவோர் அயர்ந்துபோவர். அல்பிரூனி போன்றோருக்கோ அதுவே புதையல்.

ஆனால் அந்த எண்கள் மனிதனும் மிருகமும் நடந்த வழியின் எண்கள். மலையைச் சுற்றிப் போகும் வழி, கிணற்றை நோக்கித் திரும்பும் வழி, கொள்ளையருக்கு அஞ்சி விலகும் வழி, ஆற்றில் பாலம் உள்ள இடம்வரை இறங்கிச் சென்று மீளும் வழி. இவை அனைத்தும் சேர்ந்ததே பதிவேட்டில் ஃபர்ஸக்காக நிற்கிறது. பறவை பறக்கும் வழியை எவரும் அளந்ததில்லை. அதன் தேவையும் வணிகருக்கு இல்லை.

அத்தேவை வேறோர் இடத்திலிருந்து எழுந்தது. தொழுகையில் நிற்பவன் கஃபாவை முன்னோக்க வேண்டும். மக்காவைக் கண்ணால் காண்போருக்குக் கேள்வியே இல்லை. தொலைவில் இருப்போர் கஃபாவின் ‘ஐனை’, அதாவது அதன் துல்லியமான திசையையே நோக்க வேண்டுமா, அன்றி அதன் ‘ஜிஹத்’, அதாவது பொதுத் திசைப்பக்கம் போதுமா என்பதில் ஃபிக்ஹு அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபில் முன்னதும் ஹனஃபி மத்ஹபில் பின்னதும் வலுப்பெற்றன என்பதை, இரு மத்ஹபினரும் அருகருகே வாழும் தமிழகத்து வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. 11ஆம் நூற்றாண்டின் சமர்கந்து நிலைமையை அல்பஸ்தவீ என்னும் அறிஞர் பதிவு செய்திருக்கிறார். அங்கே ஹனஃபிகள் நேர் மேற்கையும், ஷாஃபிஈகள் நேர் தெற்கையும் ஆதரித்தனராம். ஒரே ஊர்; இரு கிப்லாக்கள்; இடையே ஒரு செங்கோணம்.

மரபும் வழக்கமும் ஒரு பக்கம் நிற்க, வானியல் அறிந்தோர் இதனைக் கணக்காகக் கண்டனர். கோள வடிவான பூமியின்மீது இரு புள்ளிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெருவட்டத்தின் வழியே செல்லும் மிகக் குறுகிய பாதை. அப்பாதை புறப்படும் திசையே கிப்லா. இதனைக் கணிக்க மூன்று எண்கள் வேண்டும்: நம் ஊரின் அட்சரேகை, மக்காவின் அட்சரேகை, இரண்டின் தீர்க்கரேகை வேறுபாடு. கஸ்னாவுக்கு இன்று இக்கணக்கைச் செய்தால் கிப்லா நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை தெற்கே சாய்கிறது. சென்னைக்குச் செய்தால் நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்கிறது. ‘மேற்கே பார்த்துத் தொழு’ என்று பொதுப்படச் சொல்லிப் பழகிய நமக்கு, ஒரே அளவு எதிர்த்திசையில் விலகும் இந்த இரண்டு ஊர்களும் நல்ல பாடம்.

மூன்று எண்களில் முதலிரண்டும் எளியவை. அட்சரேகையை ஒருவன் தன் ஊரில் இருந்தபடியே, நண்பகல் சூரியனின் உயரத்தையோ துருவத்தைச் சுற்றும் விண்மீனின் உயரத்தையோ அளந்து பெறலாம். கருவி பெரிதாக இருப்பின் துல்லியம் கூடும். அதிலும் இடர் உண்டு. ரய் நகரில் கி.பி. 994இல் அல்குஜந்தீ நாற்பது முழ ஆரமுள்ள மாபெரும் கருவியை அமைத்துச் சூரியனை அளந்தார். ஆனால் ஒளி புகும் துளை அமைந்த பகுதி கட்டடத்தின் எடையால் ஒரு சாண் அளவு தாழ்ந்துவிட்டதை அவரிடமே கேட்டறிந்து அல்பிரூனி குறித்து வைத்துள்ளார். பெரிய கருவி, பெரிய செலவு, பெரிய நம்பிக்கை. கடைசியில் சுவர் இறங்கியது.

மூன்றாவது எண்தான் கடினம். தீர்க்கரேகை வேறுபாடு என்பது நேர வேறுபாடு. ஒரே கணத்தில் இரு ஊர்களில் என்ன பொழுது என்று தெரிந்தால் போதும். ஆனால் தந்தியும் வானொலியும் இல்லாத உலகில் ‘ஒரே கணம்’ என்பதை இரு ஊர்களுக்கும் யார் அறிவிப்பது? சந்திரன் அறிவிக்கும். சந்திர கிரகணம் அதனைக் காணும் எல்லா ஊர்களிலும் ஒரே கணத்தில் தொடங்குகிறது. கலீஃபா மஃமூனின் காலத்தில் பக்தாதிலும் மக்காவிலும் ஒரே கிரகணத்தைப் பார்த்துப் பதிவு செய்ய ஏற்பாடு நடந்தது இக்காரணத்தால்தான்.

அல்பிரூனியும் இளமையிலேயே இவ்வழியை முயன்றார். கி.பி. 997ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் நிகழ்ந்த கிரகணத்தை குவாரஸ்மின் தலைநகராயிருந்த காஸ் நகரிலிருந்து அவர் நோக்கினார். முன்பே பேசிக்கொண்டபடி அதே கிரகணத்தை பக்தாதிலிருந்து நோக்கியவர் கணிதப் பேரறிஞர் அபுல் வஃபா. அல்பிரூனிக்கு அப்போது வயது இருபத்துமூன்று. அபுல் வஃபாவோ வாழ்வின் இறுதி ஆண்டுகளில் இருந்த முதியவர். ஒருவரையொருவர் காணாத இருவர், அரசுகள் மோதிக்கொண்டிருந்த நிலப்பரப்பின் இரு முனைகளில் நின்று, ஒரே நிலவைப் பார்த்து, பின்னர் தம் குறிப்புகளை ஒப்பிட்டனர். கிடைத்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம். இன்றைய கணக்கில் அது 65 நிமிடம்.

இம்முறை கோட்பாட்டில் குறையற்றது, நடைமுறையில் அவ்வாறன்று. பூமியின் நிழலுக்குக் கூரிய விளிம்பு இல்லை. கிரகணம் ‘தொடங்கிய கணம்’ எதுவென்று இருவர் ஒத்த முடிவுக்கு வருவது அரிது. நான்கு நிமிடம் பிசகினால் ஒரு பாகை பிசகும். கஸ்னாவின் அட்சரேகையில் ஒரு பாகை 90 கிலோமீட்டருக்கும் மேல். அது தவிர, கிரகணம் நாம் விரும்பும்போது வருவதில்லை. வரும்போது வானம் மூடியிருக்கலாம். மறுமுனையில் கருவியோடு காத்திருக்கும் ஓர் அபுல் வஃபா எல்லா ஊர்களிலும் இருப்பதும் இல்லை.

எனவே அல்பிரூனி வேறொரு வழியைத் தேர்ந்தார். வணிகரின் ஃபர்ஸக்கையும் வானியலாரின் அட்சரேகையையும் இணைத்துத் தீர்க்கரேகையைப் பெறும் வழி அது. இதற்கான விருப்பம் அவருக்கு இளமையிலேயே இருந்தது. குவாரஸ்மில் பத்து முழ விட்டமுள்ள அரைக்கோளம் ஒன்றைச் செய்து, நூல்களிலும் பயணிகளின் வாய்மொழியிலும் கிடைத்த தொலைவுகளைக் கொண்டு ஊர்களை அதன்மீது குறிக்க முயன்றதை அவரே சொல்கிறார். கி.பி. 995இல் அந்நாட்டின் ஆட்சி வாள்முனையில் மாறியது. அவர் ஓட நேர்ந்தது.

அவருடைய வாழ்க்கை இவ்வாறே பெயர்ந்துகொண்டிருந்தது. காஸில் பிறப்பு, ரய்யில் வறிய நாட்கள், ஜுர்ஜானில் காபூஸின் அரசவை, அங்கே கி.பி. 1000 அளவில் ‘அல்ஆஸாருல் பாகியா’. மீண்டும் குவாரஸ்ம், இம்முறை ஜுர்ஜானிய்யாவில் மஃமூனிய அரசர்களின் ஆதரவு. கி.பி. 1017இல் சுல்தான் மஹ்மூது குவாரஸ்மைக் கைப்பற்றியபோது, தம் ஆசான் அபூ நஸ்ர் மன்சூர் உள்ளிட்டோருடன் அவரும் கஸ்னாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். விருந்தினராகவா, கைதியாகவா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுவர். போவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமை அவருக்கு இருக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

மறு ஆண்டு, ஹிஜ்ரி 409 ஜுமாதல் ஆகிரா முதல் நாள், அதாவது கி.பி. 1018 அக்டோபர் 14 அன்று, காபூலுக்கு அருகில் ஜைஃபூர் என்னும் சிற்றூரில் அவர் இருந்தார். நூஹ், லூத் நபிமாரின் துன்பங்களை நினைவுகூரும் அளவுக்குத் தம் நிலை இருந்ததாக அவர் எழுதுகிறார். அட்சரேகையை அளக்க ஆவல். கையில் கருவி எதுவும் இல்லை. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் ஒரு வட்டவில்லை வரைந்து, அதனைப் பாகைகளாகப் பிரித்து, தூக்குநூல் ஒன்றைத் தொங்கவிட்டுச் சூரியனை அளந்தார். பின்னர் கஸ்னாவில் சுல்தானின் பட்டப்பெயரால் ‘யமீனீ வளையம்’ எனப்பட்ட தக்க கருவி அவருக்குக் கிடைத்தது. அதனால் அவர் கண்ட கஸ்னாவின் அட்சரேகை 33 பாகை 35 கலை. இன்றைய அளவில் 33 பாகை 33 கலை.

இப்போது அவருடைய முறையைப் பார்ப்போம். இரு ஊர்களுக்கு இடையே பாதையின் நீளம் 100 ஃபர்ஸக் என்று வைத்துக்கொள்வோம். இது விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்ட எண். அதாவது 300 மைல். பாதை வளைந்து செல்வது. ஆகவே நேர்தூரம் அதனினும் குறைவு. நிலம் கரடுமுரடானால் ஆறில் ஒரு பங்கையும், சமவெளியானால் பத்தில் ஒரு பங்கையும் கழிப்பது என்னும் வகையில் அவர் மதிப்பிட்டார். ஆறில் ஒன்று கழித்தால் 250 மைல். அடுத்து, பூமியின் பெருவட்டத்தில் ஒரு பாகைக்கு 56⅔ மைல் என்னும் அளவு அவரிடம் இருந்தது. 250ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 4 பாகை 25 கலை. வணிகரின் ஃபர்ஸக் இவ்வாறு வான்கோளத்தின் வில்லாக மாறுகிறது.

இனித் தேவைப்படுவது வடிவியல். முதல் ஊரின் வழியேயும் இரண்டாம் ஊரின் வழியேயும் வடக்குத் தெற்காக ஒவ்வொரு தீர்க்கரேகை. கிழக்கு மேற்காக ஒவ்வோர் அட்சரேகை. நான்கும் வெட்டும் நான்கு புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தால், பூமிக்குள்ளே ஓர் இருசமபக்கச் சரிவகம் கிடைக்கும். அதன் மூலைவிட்டம் இரு ஊர்களையும் இணைக்கும் நாண். சாய்ந்த பக்கம் அட்சரேகை வேறுபாட்டின் நாண். இணையான பக்கங்கள் தீர்க்கரேகை வேறுபாட்டைத் தமக்குள் வைத்திருக்கின்றன. இத்தகைய சரிவகம் எப்போதும் ஒரு வட்டத்துள் அமையும். ஆகவே தாலமியின் தேற்றம் இங்கே பொருந்தும். மூலைவிட்டத்தின் வர்க்கத்திலிருந்து சாய்பக்கத்தின் வர்க்கத்தைக் கழித்தால் எஞ்சுவது இணைபக்கங்களின் பெருக்கம். அதிலிருந்து தீர்க்கரேகை வேறுபாட்டைப் பெற இரு அட்சரேகைகளின் கொசைன்களால் வகுத்து வர்க்கமூலம் காண வேண்டும். பள்ளி இறுதி வகுப்பு மாணவர் ஒருவர் இன்று செய்துவிடக்கூடிய கணக்கு. ஆனால் வணிகப் பாதைகளின் பதிவேட்டை இக்கணக்கிற்குள் கொண்டுவர முடியும் என்று கண்டதில்தான் ஆற்றல் இருக்கிறது.

பக்தாதிலிருந்து கஸ்னாவுக்கு ஒரே தாவலில் இதைச் செய்ய இயலாது. வழி நீள நீளக் கோணல்களும் கூடும். அவற்றைக் கழிப்பதில் பிழையும் பெருகும். ஆகவே அவர் சங்கிலியாகச் சென்றார். வடபுறச் சங்கிலியில் பக்தாதுக்குப் பின் ரய், அதன்பின் ஜுர்ஜானிய்யா, அதன்பின் பல்க், முடிவில் கஸ்னா. ஒவ்வொரு கண்ணியிலும் மேற்சொன்ன கணக்கு; விடைகளைக் கூட்டினால் மொத்த வேறுபாடு. அவருடைய வாழ்வை அறிந்தவர்கள் இந்தச் சங்கிலியைப் படிக்கும்போது சற்று நிற்பர். ரய், ஜுர்ஜானிய்யா, கஸ்னா மூன்றும் காலம் அவரைத் துரத்தித் துரத்திக் கொண்டுபோய் நிறுத்திய ஊர்கள். நாடோடியாக்கப்பட்டவரின் தடமே அளவுகோலாயிற்று. பக்தாதில் அவர் வாழ்ந்ததாக அவருடைய வரலாற்றில் இல்லை.

அத்துடன் அவர் நிற்கவில்லை. நம் பார்வையில் நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வடபுற வழியில் ஒரு விடை கிடைத்ததும், தென்புறமாக ஷீராஸ், ஸிஜிஸ்தானின் ஸரன்ஜ் வழியாக இன்னொரு சங்கிலியை அமைத்து முழுக் கணக்கையும் மீண்டும் செய்தார். முற்றிலும் வேறான பாதைகள். வேறு பயணிகள் சொன்ன ஃபர்ஸக்குகள். வேறு ஊர்களின் அட்சரேகைகள். இரண்டும் நெருங்கி வந்தால் பிழை பெரிதாக இருக்க வாய்ப்பில்லை. அவை நெருங்கி வந்தன. இரண்டின் சராசரியைக் கொண்டு அவர் முடிவை நிறுவினார். தம்முடைய ஒரு விடையைத் தாமே நம்பாமல் அதற்கு எதிர்ச்சாட்சி தேடுவது அறிவியலாளனின் பண்பு. ஹதீஸ் கலையில் ஒரே செய்தி வெவ்வேறு அறிவிப்பாளர் வரிசைகளில் வருகிறதா என்று பார்க்கும் மரபில் வளர்ந்த சமுதாயத்தில் இந்த மனப்பாங்கு வியப்பன்று என்று நமக்குத் தோன்றுகிறது. அல்பிரூனி அவ்வாறு ஒப்பிட்டார் என்று நாம் சொல்லவில்லை, ஒப்புமை நம்முடையது.

18 கலைப் பிழை என்பதில் நற்பேற்றுக்கும் பங்கு உண்டு. ஆறில் ஒன்று, பத்தில் ஒன்று என்று கழித்தது மதிப்பீடே. ஒரு கண்ணியில் கூடியது மறு கண்ணியில் குறைந்து ஈடாகியிருக்கும். ஆயினும் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி வேலையைப் பல கண்ணிகளாகவும் இரு வழிகளாகவும் பிரித்து வைத்தது தற்செயலன்று.

56⅔ மைல் என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மஃமூனின் அறிஞர்கள் 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சின்ஜார் சமவெளியில் அளந்து கண்டது. ஒரே இடத்திலிருந்து இரு குழுக்கள், ஒன்று வடக்கேயும் மற்றொன்று தெற்கேயும், கயிறு பிடித்து அளந்துகொண்டே சென்றன. துருவ உயரம் ஒரு பாகை மாறியதும் நின்றன. அறிக்கைகளில் 56 என்றும் 56⅔ என்றும் இரு எண்கள் வழங்கியது அல்பிரூனியை உறுத்தியது. ஜுர்ஜானுக்கு வடக்கே திஹிஸ்தான் பாலைவெளியில் அவரே மீண்டும் அளக்க முயன்று, உதவுவோர் இன்றிக் கைவிட்டார். பின்னர்தான் பஞ்சாபின் நந்தனா கோட்டைக் குன்று வந்தது. குன்றின் உயரம் 652 முழம் எனக் கண்டு, அதன் உச்சியிலிருந்து தொடுவானம் கிடைமட்டத்திற்குக் கீழே எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார்: 34 கலை. இந்த இரண்டு எண்களிலிருந்தும் பூமியின் ஆரத்தை முக்கோணவியலால் பெற்றார். படையும் பரிவாரமும் பாலைவனமும் தேவையில்லாமல், ஒரு மனிதன் ஒரு குன்றின்மீது நின்று பூமியை அளந்த அழகிய முறை அது.

ஆனால் ‘கிலோமீட்டர் பிசகாமல் அளந்தார்’ என்று நம் கட்டுரைகள் சில எழுதுவதை ஏற்க இயலாது. அவருடைய விடை முழத்தில் உள்ளது. அந்த முழம் எத்தனை சென்டிமீட்டர் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவு இல்லை. எந்த முழத்தை எடுக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். காற்றில் ஒளி வளைவதால் தொடுவானத்தின் தாழ்வும் உள்ளபடி தெரிவதில்லை. நந்தனா அளவீட்டைத் தனியாக வைத்துப் பார்த்தால் அது ஒரு சிறந்த உத்தி, நல்ல விடை, அவ்வளவே. அல்பிரூனியும் அதனை மஃமூன் கால அளவுக்குச் சான்றாகவே கொண்டார். முழத்தைப் பற்றிய இந்தச் சிக்கல் பக்தாத்-கஸ்னா கணக்கைத் தொடாது என்பது கவனிக்கத்தக்கது. விடை பாகையிலும் கலையிலும் இருப்பதால் அதனை இன்றைய எண்ணோடு நேராக ஒப்பிடலாம். மேடைகளில் சொல்வதற்கு இதுவே உறுதியான செய்தி. ஏனோ இது அங்கே ஒலிப்பதில்லை.

அந்தத் தொலைவைக் கடக்க எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? பெருவட்டத்தில் பக்தாத்-கஸ்னா வில் இன்றைய கணக்கில் 20 பாகை. பாகைக்கு 56⅔ மைல் என்றால் 1,133 மைல். ஏறத்தாழ 378 ஃபர்ஸக். கோணலுக்காக ஆறில் ஒன்று கழிப்பதைத் திருப்பிப் போட்டால் பாதையின் நீளம் சுமார் 450 ஃபர்ஸக். நாளுக்கு ஏழு ஃபர்ஸக் நடந்தால் ஓய்வே இல்லாமல் 65 நாட்கள். இது நம்முடைய கணக்கு. மெய்யான பயணிக்குப் பெருநகரங்களில் தங்கலும், பனிக்காலத் தடையும், துணைக்கூட்டம் சேரும்வரை காத்திருப்பும் உண்டு. பருவம் ஒன்று கழிந்துவிடும். இரண்டரை மணி நேரத்தோடு இதனை ஒப்பிட்டு வியப்பது எளிது. நம்மை வியக்கவைப்பது வேறு: அந்த 65 நாட்களின் தூசிக்குள்ளிருந்து, எவரும் பறந்திராத 20 பாகை வில்லை எண்ணாகப் பிரித்தெடுக்க முடிந்தது என்பதே.

நூலில் கிப்லாக் கணக்கு மட்டும் இல்லை. கடல் நிலமானதும் நிலம் கடலானதும், பாலைவனத்தில் கிடைக்கும் சிப்பிகள், ஆமூ நதி தன் போக்கை மாற்றிக்கொண்டது என்று அவர் வழியில் பலவற்றையும் பேசிச் செல்கிறார். இறுதியில் கஸ்னாவின் கிப்லாவை ஒன்றுக்கு நான்கு முறைகளில் கணித்துக் காட்டுகிறார். பொதுத் திசைப்பக்கமே போதும் என்ற தீர்ப்பு நடைமுறையில் இருந்த ஊரில் இத்தனை பாடு எதற்கு என்று அன்றும் சிலர் கேட்டிருப்பர். கலைகளை இகழ்வோருக்கு அவர் முன்னுரையிலேயே நீண்ட மறுமொழி எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நூல் முடிந்த அதே 1025இல்தான் சுல்தான் மஹ்மூதின் சோமநாதபுரப் படையெடுப்பு கஸ்னாவிலிருந்து புறப்பட்டது. கஸ்னா என்றதும் இந்தியர் நினைவில் எழுவது இன்றும் அந்தப் படைதான். அதே நகரில் அதே ஆண்டில் எழுதி முடிக்கப்பட்ட இந்த நூலை அறிந்தோர் எத்தனை பேர்?

சுல்தான் மஹ்மூது கி.பி. 1030இல் இறந்தார். அவருடைய மகன் மஸ்ஊதின் பெயரால் அல்பிரூனி இயற்றிய ‘அல்கானூனுல் மஸ்ஊதீ’யில் அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களின் அட்ச, தீர்க்க ரேகைகள் அட்டவணையாக உள்ளன. அதில் பக்தாதின் தீர்க்கரேகை 70 பாகை. கஸ்னாவினது 94 பாகை 20 கலை. தஹ்தீதில் கண்ட வேறுபாடு அப்படியே அமர்ந்திருக்கிறது.

ஐரோப்பிய நிலப்படங்களில் மத்தியதரைக் கடல் நெடுங்காலம் உள்ளதைவிட மிக நீளமாகவே வரையப்பட்டு வந்தது. தாலமி அதற்கு ஏறத்தாழ 62 பாகை நீளம் கொடுத்திருந்தார்; 9ஆம் நூற்றாண்டிலேயே அல்குவாரஸ்மி அதனைப் பத்துப் பாகை அளவுக்குக் குறைத்திருந்தார். கி.பி. 1635 ஆகஸ்டு 28 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பல ஊர்களிலிருந்து ஒரே சமயத்தில் நோக்கும்படி பிரெஞ்சு அறிஞர் பெய்ரெஸ்க் ஏற்பாடு செய்தார். அதன்பின்னரே அக்கடல் அவர்களுடைய படங்களைவிட ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் குறுகியது என்பது அங்கே தெளிவாயிற்று. காஸிலும் பக்தாதிலும் இருவர் ஒரே நிலவைப் பார்த்து 638 ஆண்டுகள் கழிந்திருந்தன.

‘தஹ்தீது’ நூலின் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் உலகில் எஞ்சியது. இஸ்தான்பூலின் ஃபாதிஹ் தொகுப்பில் 3386 என்ற எண்ணில் உள்ள அதன் ஆண்டு ஹிஜ்ரி 416. ஆசிரியர் எழுதி முடித்த அதே ஆண்டு. அரபு மூலம் ரஷ்ய அறிஞர் புல்காகோவின் பதிப்பாகக் கெய்ரோவில் 1962இல் வெளிவந்தது. ஜமீல் அலீயின் ஆங்கில மொழிபெயர்ப்பு பெய்ரூத்தில் 1967இலும், எட்வர்ட் கென்னடியின் விரிவுரை 1973இலும் வந்தன. அல்பிரூனியின் ஒவ்வொரு கண்ணியையும் கென்னடி மீண்டும் கணக்கிட்டுச் சரிபார்த்திருக்கிறார். கணக்கில் ஆர்வமுள்ள நம் மத்ரஸா மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அதன் உடன் அமரலாம். ஊர்களின் அட்சரேகைகளும், இடையிலுள்ள ஃபர்ஸக்குகளும் அதிலேயே இருக்கின்றன.